முட்டைக்காரனின் மூன்று தசம் ஐந்து

இருபத்திரண்டு வருடங்களாக நான் முட்டை ஏற்றிப் பிழைக்கிறேன். முட்டை ஏற்றுகிறவனின் வலது கால் மற்ற மனிதர்களின் காலைப் போன்றதல்ல. அது எக்சிலேட்டரை மிதிக்காது. அதன் மேல் தலை சாய்த்துப் படுத்துக் கொள்ளும். நான் கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேருவதற்குள் பாட்டுப் போட்டுப் பாண் ரொட்டி விற்று வரும் ஓட்டோ என்னை முந்தும். பள்ளிக்கூடம் விட்டு வரும் சைக்கிள்கள் முந்தும். ஒரு தடவை ஆடு ஒன்று முந்திப் போய், ஏதும் உதவி வேண்டுமா என்பது போலத் திரும்பிப் பார்த்தது.

இப்படிப்பட்டவனிடம் மணிக்கு நூற்று அறுபது கிலோமீற்றர் பறக்கக்கூடிய பிக்கப் ஒன்று இருக்கிறது என்றால் அதற்கு நான் பொறுப்பல்ல. பழைய இன்ஜின் செத்துப் போயிற்று. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைத்ததை வாங்கிப் போட்டேன். ஜப்பானில் எங்கேயோ மோதி நொறுங்கிய பெரிய வாகனம் ஒன்றின் இன்ஜின் அது. வண்டி நொறுங்கியதற்கே அந்த இன்ஜின்தான் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று பிறகு எனக்குப் புரிந்தது.

அதைப் பூட்டித் தந்தவர் பெரியநீலாவணையில் கராஜ் வைத்திருக்கும் பாஸ். கைவேலை தெரிந்த யாரையும் நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இவருக்கு அந்தப் பெயர் உண்மையிலேயே பொருந்தும். என்னை அவர் காக்கா, அதாவது அண்ணன், என்பார். அதிகம் பேசமாட்டார். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். இன்ஜினை முதன்முதலாக முடுக்கிக் கேட்டுவிட்டு, "காக்கா, இது முட்டை இழுக்கிற இன்ஜின் இல்ல. கோழிப் பண்ணையையே இழுக்கும்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அந்தப் பண்ணையை நான் தேநீர்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நாலைந்து பேர் தேநீர்க் கடையில் இருப்பது எங்கள் வழக்கம். என் மனைவியின் தம்பியும் வருவான். அவனுக்குச் சாரன் கடை. என்னைக் கிண்டல் பண்ணுவது அவனுக்கு இரண்டாவது தொழில், அதில்தான் இலாபம் கூட. அன்று நான் இன்ஜினைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். அவன் தேநீரை ஆற்றியபடி மெல்லச் சொன்னான்:

"மச்சான், ஒங்களுக்கு இந்த இன்ஜின் என்னத்துக்கு? ஜனாசாவும் ஒங்கள முந்தித்தானே போகுது."

தோளில் சுமந்து போகிற பிணமும் என்னை முந்துகிறதாம்; கடை சிரித்தது. வடை பொரிக்கிறவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு ஒரு வியாதி உண்டு: வாய் முதலில் புறப்பட்டுப் போகும், புத்தி பின்னால் ஓட்டோ பிடித்து வரும். நான் சொன்னேன்:

"வல்லாஹி, புது றோட்டுல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி மட்டும் எக்சிலேட்டர அடிமட்டும் மிதிச்சு ஓடிக் காட்டுறன். கால எடுத்தா என்னக் கேளு."

'இன்ஷா அல்லாஹ்', இறைவன் நாடினால், என்று சொல்லியிருக்கலாம். அதில் ஒரு ஜன்னலாவது திறந்திருக்கும். பிறகு ஏறிக் குதிக்கலாம். அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டு 'வல்லாஹி' என்றால் வாசலையும் பூட்டி, திறப்பையும் விழுங்கிய மாதிரி. அதையும் அஸர் தொழுகைக்குக் கழுவிய ஈரம் காயாத கையை உயர்த்திச் சொல்லியிருக்கிறேன்.

இதுவே பந்தயமாக இருந்திருந்தால் தோற்றேன் என்று எதையாவது கொடுத்துத் தப்பியிருப்பேன். பந்தயம் ஹராம். ஆகவே தோற்கிற வசதி எனக்கு இல்லை. ஓடியே ஆகவேண்டும். பொழுதுபட்டு மஃரிப் தொழுவதற்கு முன்னரே ஊர் வட்ஸ்அப் குழுவில் செய்தி போய்விட்டது. கீழே இருபது பேர் 'மாஷா அல்லாஹ்' போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் மரணச் செய்திக்குச் சொல்கிற 'இன்னாலில்லாஹி' போட்டு, அவசரமாக அழித்திருந்தார்.

புது றோட்டு என்பது நற்பிட்டிமுனைக்குப் பின்னால் வயல்களை ஊடறுத்துப் போட்ட தார் வீதி. போட்டு முடித்துப் பல மாதமாயிற்று. நாடா வெட்ட வருவதாகச் சொன்ன பெரிய மனிதர் வரவில்லை; அவர் வருவதற்குள் அவருடைய பதவி போய்விட்டது என்றும் சொன்னார்கள். நாடா வெட்டாத வீதியில் வாகனம் ஓடாது. நெல் காயும். அறுவடைக் காலத்தில் அந்த வீதி முழுவதும் பொன்னிறப் பாய் விரித்தது போல நெல் கிடக்கும். மற்ற நாளில் வெறிச்சோடி, ஒரு வளைவு இல்லாமல், ஒரு மரம் இல்லாமல், ஒரு சாக்குச் சொல்ல இடமில்லாமல் நேராகக் கிடக்கும்.

மறுநாள் காலையிலேயே நான் கராஜில் நின்றேன். முழு வேகத்தில் ஓடினால் வண்டிக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். எனக்கு என்ன ஆகும் என்றுதான் கேட்க நினைத்தேன்.

பாஸ் பிக்கப்பின் அடியில் படுத்து, என்னையும் பக்கத்தில் படுக்கச் சொன்னார். இன்ஜின் பக்கத்திலிருந்து பின் சில்லுகள் வரைக்கும் நடுவால் ஒரு நீளக் குழாய் ஓடுகிறது. சாப்ட் என்பது அதுதான்; இன்ஜினின் பலத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. என்னுடையது ஒரே துண்டு, மெல்லியது, இருபத்திரண்டு வருட முட்டைப் பழக்கம் உள்ளது. வேகம் கூடக் கூட அது சிறுபிள்ளைகள் துள்ளும் கயிறு போல நடுவில் வளைந்து அடிக்கத் தொடங்கும் என்றார்.

அடித்தால் என்றேன்.

"பின் பக்கம் உடைஞ்சா இழுபடும், சத்தம் மட்டும்தான். முன் பக்கம் உடைஞ்சா நுனி றோட்டில குத்தும்." கையை நிலத்தில் ஊன்றிக் காட்டினார். "விளையாட்டுப் போட்டியில மனிசர் கம்ப ஊண்டிப் பாயிற இல்லையா காக்கா? அது போல வண்டி பாயும்."

எங்களுக்கு மேலே, சரியாகக் குழாய்க்கு நேரே, என் ஆசனம் இருந்தது. நான் அதை அடியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. மிக மெல்லிய தகரம். எனக்கும் அந்தக் குழாய்க்கும் இடையில் இத்தனை வருடமாக இருந்தது அந்தத் தகரமும் அல்லாஹ்வின் கிருபையும் மட்டும்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு பாஸ் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. அவர் நிறையச் சொன்னார். முக்கியமான ஒன்றையும் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சாப்ட் தெரிவு செய்வதில் மூன்று வாரம் போயிற்று. இரண்டு நாளில் முடிகிற வேலை. நான்தான் முடிய விடவில்லை. தெரிவு செய்துகொண்டிருக்கும் வரைக்கும் ஓடத் தேவையில்லை அல்லவா? பாஸ் ஒரு வேனின் சாப்டைக் கொண்டு வந்தார், மெல்லிசு என்றேன். நடுவில் மூட்டும், தாங்கிப் பிடிக்கப் பெயாரிங்கும் உள்ள இரண்டு துண்டுச் சாப்ட் கொண்டு வந்தார். துண்டு துண்டாக இருக்கிறதே, ஒரு துண்டே உடையும் என்றால் இரண்டு துண்டு இரண்டு தடவை உடையாதா என்று வாதாடினேன். குட்டையாக இருந்தால்தான் வளையாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். நானாகவே போய் பழைய வாகனம் கழற்றுமிடத்தில் லொறி ஒன்றின் சாப்டைக் கண்டுபிடித்து, மூன்று பேரைக் கொண்டு தூக்கி வந்தேன். அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதப் போட்டா காக்கா, வண்டியால சாப்ட இழுக்க ஏலா" என்றார்.

கடைசியில் இரண்டு துண்டுச் சாப்ட்தான். ஆனால் முன் நுனி உடைந்தாலும் கீழே விழாமல் தாங்குவதற்கு ஓர் இரும்பு வளையம் போட வேண்டும் என்றார். எனக்கு ஐந்து வேண்டும் என்றேன். ஒன்று போதும் என்றார். ஐந்து. மூன்று போட்டார். ஆசனத்துக்கடியில் ஒரு தடித்த இரும்புத் தகடும் போடச் சொன்னேன். அதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை என்றார். அதன் மேல் உட்காரப்போகிறவன் நான், அதுதான் காரணம் என்றேன். போட்டுத் தந்தார்.

இந்த நாட்களில் முட்டை வாடகை ஓட்டோவில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கரையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான், வீடு பெண்ணுக்கு. ஆகவே நான் குடியிருக்கும் வீடு மனைவியுடையது, கிணறு மனைவியுடையது, முற்றத்து முருங்கையும் அவளுடையது. பெயரிலும் பேச்சிலும் எனக்கென்று இருப்பது இந்தப் பிக்கப் ஒன்றுதான். அது வயிறு கிழிந்து பெரியநீலாவணையில் கிடந்தது. மனைவி ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்:

"கோழி அவசரப்படல்ல. நீங்க என்னத்துக்கு அவசரப்படுறீங்க?"

இன்னும் கொஞ்சம் கறி ஊற்றச் சொன்னேன்.

நான்காவது வெள்ளிக்கிழமை. பள்ளியில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. கேட்க வேண்டிய நேரம், கேட்காமல் யோசித்தேன். அங்கேதான் அந்த யோசனை வந்தது. வந்த நேரத்தைப் பார்த்தால் அனுப்பியது யார் என்று ஊகிக்கலாம். நான் என்ன சத்தியம் பண்ணினேன்? எக்சிலேட்டரை அடிமட்டும் மிதிப்பேன், கால் எடுக்க மாட்டேன் என்று. வேகமாக ஓடுவேன் என்று சொல்லவே இல்லையே. முழுதாக மிதித்தாலும் மெல்ல ஓடுகிற வண்டி ஒன்று இருந்தால்? காலும் சத்தியத்தில் நிற்கும், உடம்பும் பூமியில் நிற்கும். சுப்ஹானல்லாஹ். எனக்குள் இப்படி ஒரு சட்ட மேதை முட்டை ஏற்றிக்கொண்டு கிடந்திருக்கிறான்.

தொழுகை முடிந்ததும் நேரே கராஜுக்கு. சாப்டின் பின்கோடியில், இரண்டு பின் சில்லுகளுக்கும் நடுவில், பெரிய இரும்புக் குண்டுக்குள் பற்சில்லுகள் இருக்கும். அதைப் பொறுத்துத்தான் வண்டியின் ஓட்டம் அமையும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு எண் உண்டு என்பதும் தெரியும், பாஸ் மேசையில் மூன்று சோடி வைத்து, மேலே சோக்கட்டியால் எழுதியிருந்தார்: நாலு தசம் எட்டு, நாலு தசம் ஒன்று, மூன்று தசம் ஐந்து. முதல் நாளே எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். அப்போது நான் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

விளங்காவிட்டால் என்ன, எண் தெரியாதா? எங்கள் ஊரில் எண் கூடினால் எல்லாம் கூடும். ஏக்கருக்கு முப்பது மூட்டை விளைந்தவன் இருபது மூட்டைக்காரனைவிடப் பெரியவன். நாலு தட்டு முட்டை மூன்று தட்டைவிடப் பெரிது. ஆகவே மூன்று தசம் ஐந்துதான் இருப்பதிலேயே மெல்ல ஓடக்கூடியது. குழந்தைக்கும் தெரியும்.

"மூணு தசம் அஞ்சப் போடுங்க பாஸ்."

பாஸ் முதல் தடவையாக வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார். நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேனா என்று கேட்டார். குத்பா முழுவதும் அதைத்தான் யோசித்தேன் என்றேன்.

"அப்ப சரி. அதுக்குச் சாப்டும் கொஞ்சம் ஆறுதலாத்தான் சுத்தும். நல்லம்."

ஆறுதலாக என்றால் எங்கள் பேச்சில் மெல்ல என்று அர்த்தம்; அந்தச் சொல் என் காதில் தேனாக இறங்கியது.

பூட்டி முடித்து ஊருக்குள் ஓட்டிப் பார்த்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. முதல் கியரில் வண்டி சேற்றுக்குள் இருந்து எழும்பும் எருமை போல நகர்ந்தது. இரண்டாவதிலும் முனகியது. கல்முனைச் சந்தை நெரிசலில் அதற்கு மேல் கியர் மாற்ற இடமில்லை. இதைவிட மந்தமான வண்டி இந்தக் கரையில் இல்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். தேநீர்க் கடையில் நானாகவே நாள் குறித்தேன். ஞாயிறு காலை, சுபஹு தொழுது வெளிச்சம் வந்ததும். மனைவியின் தம்பி, எனக்கும் அவன் மச்சான்தான், கொஞ்சம் பயந்து, அல்லாஹ்வுக்காக விடுங்க மச்சான் என்று சொன்னான். நான் பெருந்தன்மையோடு அவன் தோளில் தட்டினேன். உயிரைத் துச்சமாக மதிக்கிறவனின் தட்டு அது.

ஞாயிறு காலை வீதியோரம் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். நெல் காயப்போடும் பெண்கள் இருவர் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். எங்கள் பள்ளி மௌலவியும் வந்திருந்தார். எதற்கு வந்தார் என்று நான் யோசிக்க விரும்பவில்லை. மதகிலிருந்து நெற்களஞ்சியம் வரைக்கும் ஒன்றரைக் கிலோமீற்றர் என்று கூடிப் பேசி மசூறா செய்து தீர்மானித்திருந்தார்கள். பாஸ் வண்டியின் அடியில் படுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, வளையங்கள் சரி என்று சொல்லி விலகினார்.

நான் ஜன்னலால் தலையை நீட்டி எல்லோருக்கும் ஸலாம் சொல்லி, காலை அடிமட்டும் அழுத்தினேன்.

எருமை எழும்பியது. முதல் கியர், முனகல். நான் சிரித்தேன். இரண்டாவது கியர், முனகல். ஜன்னலால் கையாட்டினேன். மூன்றாவது கியரைப் போட்டேன். அங்கே எருமை முனகலை நிறுத்தியது. ஒரு கணம் எதையோ யோசித்தது. பிறகு தான் எருமையே இல்லை என்பதை நினைவுபடுத்திக்கொண்டது.

இடது பக்கத்து வயல் ஒரு பச்சைத் துணியாகி யாரோ பிடித்து இழுத்தது போல ஓடியது. ஆசனம் என் முதுகைத் தள்ளியது. நாலாவது கியரை நான் போட்டேனா, அதுவாக விழுந்ததா தெரியாது. முள் நூற்றைத் தாண்டி, நூற்றுப் பத்தைத் தாண்டி, களைப்பின் அறிகுறி ஒன்றும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இது மெல்ல ஓடும் வண்டி, மெல்ல ஓடும் வண்டி என்று எனக்கு நானே சொன்னேன். வண்டிக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. ஐந்தாவது கியர் வேறு மீதமிருந்தது.

பயணத்துக்கு ஓதும் துஆ எனக்கு நன்றாகப் பாடம். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. கழிப்பறைக்குள் நுழையும்போது ஓதுவதுதான் வந்தது. சத்தமாக, முழுதாக, பிழையில்லாமல் ஓதினேன். நிலைமைக்கு அது பொருத்தமில்லை என்று சொல்லவும் முடியாது.

முள் நூற்று நாற்பதைத் தொட்டபோது ஆசனத்துக்கடியில் இருந்த இரும்புத் தகடு கிறுகிறுவென்று நடுங்கத் தொடங்கியது. தகடு நடுங்கியதா, தகட்டின் மேலிருந்தது நடுங்கியதா என்பது இன்றும் தீராத விவாதம். அந்தக் கணத்தில் என் வலது கால் எழும்பியது. நான் எழுப்பவில்லை. அது தானாக, இருபத்திரண்டு வருடச் சேவையைக் காரணம் காட்டி, எக்சிலேட்டரை விட்டு எழும்பி, பிறேக்கின் மேல் போய்க் குந்தியது. களஞ்சியம் இன்னும் கொஞ்ச தூரத்தில் இருந்தது. நான் ஓடிய வேகத்தில் அதையும் தாண்டிப் போய்த்தான் வண்டி நின்றது.

கதவைத் திறந்து இறங்கினேன். சனம் மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் வந்து சேர்ந்தது. மச்சான் என்னைக் கட்டிப் பிடித்தான். யாரோ தண்ணீர் தந்தார்கள். பாஸ் என்னிடம் வரவில்லை. நேரே வண்டியின் அடியில் போய்ப் படுத்து, சாப்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சூடே இல்ல காக்கா. ஒங்களுக்குத் தைரியம்தான். நானெண்டா நாலு தசம் எட்டத்தான் போட்டிருப்பன்."

ஏன் என்று கேட்டேன்.

"அதுதானே மெல்லமா ஓடுறது. சாப்ட் நாலே முக்காச் சுத்துச் சுத்தினாத்தான் சில்லு ஒரு சுத்துச் சுத்தும். இது மூண்டரைச் சுத்துக்கே சுத்திரும். முதல் நாள் சொன்னன்தானே."

ஓம், சொன்னீர்கள் என்றேன்.

என்னைச் சூழ்ந்து நின்றவர்கள் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தட்டும் ஒரு அறை போல விழுந்தது. அறுபது பேர் பார்த்த வண்டிக்குள் ஒரு கால் செய்ததை யார் பார்த்தார்கள்? நானும் அவனும்தான். அவன் என்று நான் சொல்வது மச்சானை அல்ல. அவனுடைய பெயரைச் சொல்லித்தான் சத்தியம் பண்ணினேன். பகிடிக்காரனாக இருந்து ஊரை ஏமாற்றுவது எனக்குச் சாதாரணம். இந்தக் கணக்கில் பகிடி செல்லாது. அன்று காலைச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி சுகமில்லையா என்று கேட்டாள். காற்றுக் குடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மௌலவியைத் தூணுக்குப் பின்னால் ஒதுக்கி, எல்லாவற்றையும் சொன்னேன். கால் எழும்பியதை, எங்கே எழும்பியது என்பதை, ஓதிய துஆவை மட்டும் விட்டுவிட்டு. அவர் தாடியைத் தடவியபடி கேட்டார். சத்தியத்தை முறித்தால் கப்பாறா கொடுக்க வேண்டும், பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு, நம் வீட்டில் சாப்பிடுகிற நடுத்தரமான சாப்பாடு, அவ்வளவுதான் என்றார். எங்கள் வீட்டில் நடுத்தரமான சாப்பாடு என்றால் முட்டைக் கறியும் சோறும்தான், செல்லுமா என்று கேட்டேன். செல்லும் என்றார். போகத் திரும்பியவர் நின்று சொன்னார்:

"உசிருக்கு ஆபத்தான வேலைக்குச் சத்தியம் பண்ணினா, அத முறிச்சுப் போட்டுக் கப்பாறாக் குடுக்கிறதுதான் நல்லம். ஒரு மாசத்துக்கு முந்தி கேட்டிருந்தா நீங்க ஓடவே தேவல்ல."

இரண்டு துண்டுச் சாப்ட், மூன்று வளையம், ஒரு தகடு, ஒரு சோடிப் பற்சில்லு. எதிர்ப்பக்கத்தில் பத்துச் சோற்றுப் பார்சல்.

மறுநாள் மனைவி பத்துப் பார்சல் கட்டினாள். எதற்கு என்று கேட்கவில்லை. ஆளுக்கு இரண்டு முட்டை வைத்தாள். கடற்கரைப் பக்கம் ஒன்பது வீட்டுக்குக் கொடுத்து, பத்தாவதோடு நின்றபோது மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். பார்சலையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

"நான் கால எடுத்திட்டன் தம்பி. களஞ்சியத்துக்கு வர முந்தியே எடுத்திட்டன். ஒருத்தருக்கும் தெரியா."

அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, போனை எடுத்து, வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினான். வீதி, பின்பக்கமாக என் பிக்கப், சுருங்கிச் சுருங்கிப் போகிறது. களஞ்சியம் நெருங்கும்போது பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் பளீரென்று எரிந்தன. எரிந்தவை அணையவே இல்லை. இரண்டு சிவப்புப் புள்ளிகளாகக் களஞ்சியத்தைத் தாண்டிப் போயின. ஓரத்தில் நின்ற அறுபது பேரும் அந்த நேரத்தில் ஒரே குரலில் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொன்னது போனில் தெளிவாகக் கேட்டது. அதில் மௌலவியின் குரலும் இருந்தது.

"எல்லாருக்கும் தெரியும் மச்சான். நான்தான் ஒருத்தரும் வாய் தொறக்கப்படா எண்டு சொன்ன."

ஏன் என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க திருப்பியும் வல்லாஹி எண்டுவீங்க."

பத்தாவது பார்சலை அவனே வாங்கிக்கொண்டு போய், அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான்.